பொருள்: யூரியா காற்றோடு போவதற்கு ஒரு சொல்

திருகோணமலை, மொழிபெயர்ப்பவர்:
வணக்கம். மரநிழல் மேய்ச்சல் தரைக்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது, ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். புல்லின் மேல் தூவிய யூரியாவை மண்ணிலுள்ள யூரியேசு நொதியம் உடைக்க, அமோனியா கிளம்பிவிடுகிறது. நிழலில் மண் சூடு குறைவு, அதனால் கொஞ்சம் தணியும். ஆனால் மத்தியானத்தில் மாடெல்லாம் அந்த வேம்பின் கீழ்தான் படுக்கும், மூத்திரமும் அங்கேதான். மாரியில் அந்த இடம் ஊறினால் பற்றீரியா அதிலிருந்து உண்டான நைத்திரேற்றைக் குலைத்து நைத்திரசு ஒட்சைட்டை விடும், எடைக்கு எடை அது நூறாண்டுக் கணக்கில் காபனீரொட்சைட்டைவிட 273 மடங்கு வெப்பமூட்டும். இரண்டு போக்குக்கும் பொதுவாக என்ன போடலாம்? பாடநூலின் 'ஆவிப்பறப்பு' அமோனியாவோடு நின்றுவிடுகிறது.

யாழ்ப்பாணம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
வளியிழப்பு. இரண்டும் வளி, அதாவது வாயுதானே தம்பி.

கோவை:
ஐயா, உயிரிழப்பு என்றால் உயிரை இழப்பது. அப்படியானால் வளியிழப்பு வளியை இழப்பதாகிவிடாதா? இழப்பது யூரியாவிலும் மூத்திரத்திலும் உள்ள நைட்ரஜனை அல்லவா?

யாழ்ப்பாணம்:
தீச்சேதம் என்கிறோம், தீயா சேதமாகிறது? மூன்றாம் வேற்றுமைத் தொகை.

கோவை:
அங்கே தீ காரணம். இங்கே வளி காரணமில்லை, நைட்ரஜன் எடுக்கிற உருவம். மூன்றாம் வேற்றுமை ஒட்டவே ஒட்டாது. அப்புறம் கையேட்டில் உரத்துக்குப் 'பசளை' வேண்டாமே, எங்களுக்கு அது கீரை.

யாழ்ப்பாணம்:
2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தியபோது இங்கே கீரைக்கா வரிசையில் நின்றோம்? அது கிடக்க, 'மரநிழல் மேய்ச்சல் தரை' என்று நீட்டுவானேன்? தொல்காப்பியர் முல்லையைக் காடுறை உலகம் என்கிறார், ஆயர் நிலமும் அதுதான். மரமும் மாடும் ஒரே சொல்லுக்குள் வந்துவிடும். முல்லைப்புலம் என்று போடுங்கள்.

மூதூர், கால்நடைப் பக்கம் வேலை செய்பவர்:
முல்லைப்புலம் என்றால் பூந்தோட்டம் என்று நினைப்பார்கள். மாட்டுக்காரருக்கு மேய்ச்சல் தரைதான் தெரியும். 'பசளை காற்றோடு போயிட்டுது' என்றால் போதும், விளங்கும். மண்ணுக்குள் இறங்குகிற மழைக்கு முன் போடு, ஒரே தடவையில் கொட்டாதே, மாட்டை ஒரே மரத்தடியில் கிடக்க விடாதே: வாசிக்கிறவருக்கு இதுதான் வேண்டும்.

திருகோணமலை:
சரி. தலைப்பில் வளியிழப்பு, உள்ளே காற்றோடு போதல். மேய்ச்சல் தரையும் பசளையும் அப்படியே இருக்கும். யூரியேசு நிரோதி, அதாவது அந்த நொதியத்தின் வேலையை மறிக்கும் பொருள் பற்றி ஒரு பந்தி மிச்சம், அதற்கும் யாராவது…

கோவை:
நிரோதியா! இங்கே நிரோத் என்றால் ஆணுறை. அந்தப் பக்கத்தை எங்கள் வகுப்பில் வாசித்தால் பிள்ளைகள் சிரித்தே மாய்வார்கள். தடுப்பான் என்று மாற்றுங்கள். வளியிழப்புக்கும் நான் இன்னும் சம்மதிக்கவில்லை.