கேசட்டிலிருந்து ஏற்றிய கூத்துப் பதிவு கணினியில் வேகமாக ஓடுகிறது

கேள்வி (குடியாத்தம்):
வணக்கம். எங்கள் ஊர்த் திரௌபதி அம்மன் கோயிலில் நடந்த பாரதக் கூத்தின் பழைய கேசட்டுகளை, யுஎஸ்பி சவுண்ட் கார்டு வழியாக வீட்டுக் கணினியில் ஏற்றி வருகிறேன். டேப்ரெக்கார்டரின் ஹெட்ஃபோனில் சரியாகக் கேட்கும் பாட்டு, பதிந்த கோப்பில் விரைவாகவும் சுருதி ஏறியும் ஒலிக்கிறது. நான்கு கட்டை ஆர்மோனியம் நாலரைக்கும் ஐந்துக்கும் நடுவில் நிற்கிறது. கடிகாரம் பார்த்து 30 நிமிடம் பதிந்த பக்கம், கோப்பில் 27 நிமிடம் 34 நொடிதான் இருக்கிறது. டேப்ரெக்கார்டரில் நாடாவைச் சுழற்றும் பெல்ட் பழுதாக இருக்குமா?

பதில் (காட்பாடி):
பெல்ட் பழுதென்றால் ஹெட்ஃபோனிலேயே சுருதி பிசகியிருக்கும். நீங்கள் கொடுத்த நேரக் கணக்கே காரணத்தைச் சொல்லிவிடுகிறது: 30 நிமிடத்தை 44,100-ஆல் பெருக்கி 48,000-ஆல் வகுத்தால் சரியாக அந்த 27 நிமிடம் 34 நொடி வரும். அதாவது, கார்டு நொடிக்கு 44,100 மாதிரிகள் (ஒலி அலையின் அளவீடுகள்) எடுத்து அனுப்ப, பதிவு மென்பொருள் அவற்றை 48,000 என்று கோப்பில் எழுதி வைத்திருக்கிறது. விண்டோஸ் வழக்கமாக இடையில் நின்று இந்த மாதிரி வீதத்தை மாற்றிக் கொடுத்துவிடும்; ஆனால் மென்பொருள் கார்டை நேரடியாகப் பிடித்துக்கொள்ளும் எக்ஸ்க்ளூசிவ் மோடில் அந்த உதவி கிடைக்காது. ஆகவே, சவுண்ட் அமைப்பில் ரெக்கார்டிங் பகுதிக்குச் சென்று, உங்கள் கார்டின் பிராப்பர்ட்டீஸில் அட்வான்ஸ்டு பக்கத்தைத் திறந்து, அங்குள்ள வீதமும் மென்பொருளில் உள்ள வீதமும் ஒன்றாக இருக்கும்படி செய்யுங்கள். கார்டுக்கெனத் தனி அமைப்புப் பலகை இருந்தால் அதையும் பார்க்க வேண்டும். பெரும்பாலும் அங்கேதான் பழைய எண் ஒட்டிக்கொண்டிருக்கும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி ஐயா. அந்தப் பலகையில் 44,100 என்றே இருந்தது. முன்பே பதிந்து முடித்த கேசட்டுகளை மறுபடி ஓட்ட வேண்டுமா? சில நாடாக்கள் இன்னொரு முறை தாங்குமா என்று அஞ்சுகிறேன்.

பதில் (ஆரணி):
ஓட்ட வேண்டாம். மாதிரிகள் எதுவும் கெடவில்லை, அவற்றின் மேல் எழுதிய எண்தான் தவறு. ஆடாசிட்டி என்னும் ஒலித் தொகுப்பு மென்பொருளில் ட்ராக்கின் பட்டியலைத் திறந்து, 'ரேட்' என்பதில் 44,100 என மாற்றினால் நீளமும் சுருதியும் அப்போதே சரியாகிவிடும். 'ரீசாம்பிள்' கட்டளையை இந்த நிலையில் தொடாதீர்கள். அது தவறான சுருதியை அப்படியே வைத்துக்கொண்டு புதிய மாதிரிகளை உண்டாக்கும். கூத்தை வீடியோவில் சேர்ப்பதாக இருந்தால் 48,000 தேவைப்படும், ஆனால் எண்ணைத் திருத்தி, ஆர்மோனியம் நான்கு கட்டைக்கு வந்துவிட்டதைக் கேட்டு உறுதி செய்த பிறகே அந்த மாற்றத்தை 'ரீசாம்பிள்' கொண்டு செய்யுங்கள்.