சங்க ஆபீஸ் அக்கா வேலையிலிருந்து நிற்கிறார்: எப்படி வழியனுப்புவது?

செந்தூல் கடைக்காரர்:

வணக்கம். கோலாலம்பூரில் முடிதிருத்தும் கடை வைத்திருக்கிறேன். எங்கள் தொழில் சங்கத்துக்கு நான்தான் பொருளாளர். 24 வருஷமாகச் சங்க ஆபீஸைக் கட்டிக் காத்த கிராணி (எழுத்தர்) அக்கா இந்த மாதக் கடைசியோடு நிற்கிறார். 60 வயதாகிவிட்டது.

மண்டபத்தில் இராவிருந்து, மாலை, பொன்னாடை, கேடயம், பேச ஒரு பிரமுகர் என்று செயலவை முடிவு பண்ணியிருக்கிறது. அக்காவிடம் சொன்னேன். "அதெல்லாம் வேண்டாம் தம்பி. அடுத்த ஆண்டறிக்கையை யார் அனுப்பப் போறீங்க, அதைச் சொல்லுங்க" என்றார். ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் சங்கப் பதிவிலாகாவுக்கு அறிக்கையும் கணக்கும் போய்ச் சேர வேண்டும். அவர் கையில் அது ஒரு தடவைகூடப் பிந்தியதில்லை.

அவர் அருமை வெளியாருக்குத் தெரியாது. 2009-ல் முடிதிருத்தகம், ஜவுளிக்கடை, நகைத்தொழில் மூன்றுக்கும் வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதை அரசாங்கம் நிறுத்தியது. அதைத் தளர்த்த முடிவானது 2023 செப்டம்பரில்தான். நடுவில் 14 வருஷம். ஊரிலிருந்து வந்த பிள்ளைகள் வேலை பெர்மிட் முடிந்து ஒவ்வொருவராகத் திரும்பிப் போனார்கள். என் கடையில் நான்கு நாற்காலி. 2016-ல் கத்தரி பிடிக்க நான் ஒருத்தன்தான் மிச்சம். மற்ற மூன்றுக்கும் துணி போர்த்தி வைத்திருந்தேன். லைசென்ஸை ரத்து பண்ண மலாய் மொழியில் கடிதம் எழுதித் தரச் சொல்லி அக்காவிடம் போனேன். "பசியாறினீங்களா?" என்று கேட்டு, தன் டப்பாவிலிருந்த இட்லியில் இரண்டை எடுத்து வைத்தார். பிறகு ஒரு நீள நோட்டைத் திறந்தார். எந்தக் கடையில் எத்தனை நாற்காலி, எத்தனை ஆள், யாருடைய பெர்மிட் எப்போது முடிகிறது, எந்தக் கடை எந்த மாதம் மூடியது, எல்லாம் பென்சிலில். அமைச்சுக்குச் சங்கம் கொடுத்த ஒவ்வொரு மகஜருக்கும் கணக்கு அந்த நோட்டிலிருந்துதான் போனது. "உங்க பேருக்குப் பக்கத்தில் மூடியாச்சுன்னு எழுத எனக்குக் கை வரல தம்பி" என்றார். கடிதம் எழுதாமலே திரும்பி வந்தேன். கடை இன்றும் இருக்கிறது.

2020-ல் கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது, ஏப்ரல் 10-ல் முடிதிருத்தும் கடைகளையும் திறக்கலாம் என்று அறிவிப்பு வந்தது. அன்று இரவெல்லாம் அக்காவின் கைப்பேசி ஓயவில்லை. வாடகைக்கு என்ன செய்வது என்று அழுதவர்கள் உண்டு. ஒரு முழ தூரத்தில் முகத்துக்கு நேரே நின்று எப்படி வெட்டுவது என்று பயந்தவர்கள்தான் அதிகம். இப்போது வேண்டாம் என்று தொழில் சங்கங்களே சொல்லி, சில நாளில் அந்த அனுமதி திரும்பப் பெறப்பட்டது. ஜூன் 10 வரை கடை அடைப்பு. அத்தனை வாரமும் உறுப்பினர் பட்டியலை வைத்துக்கொண்டு, வீட்டில் அரிசி இருக்கிறதா என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டார். அது அவர் வேலையே இல்லை.

விருந்து இரவு 7.30-க்கு. அந்த நேரத்தில்தான் கடையில் கூட்டம். பெரிய கடைக்காரர்கள் வருவார்கள். ஒற்றை நாற்காலி வைத்திருப்பவர் எப்படி வருவார்? அக்கா யாருக்காக ஓடினாரோ அவர்கள் இல்லாமல் ஒரு வழியனுப்பா? என்ன செய்யலாம், சொல்லுங்கள்.

பினாங்கு ஜவுளிக்காரர்:

தம்பி, லெபோ பசாரில் என் கடை. எங்கள் வணிகர் சங்கத்தில் கணக்குப் பார்த்தவரை மண்டபம் எடுத்துத்தான் அனுப்பினோம். ஒன்பது பேர் பேசினார்கள். அவர் சாப்பாட்டில் கை வைக்கும்போது மணி பதினொன்று. மனிதர் சர்க்கரை நோயாளி. மேடையில் கை நடுங்க உட்கார்ந்திருந்தார், எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கு இன்னும் உறுத்துகிறது. காலையில் வையுங்கள். முதலில் சாப்பாடு. பிரமுகர் வேண்டாம், அந்த இட்லிக் கதையை நீங்களே எழுந்து சொல்லுங்கள்.

கிள்ளான் தங்கை:

அண்ணே, நீங்கள் பொருளாளர், அதனால் உங்களிடமே கேட்கிறேன். பணிக்கொடை எவ்வளவு? நான் ஒரு சங்கத்தில் 17 வருஷம் வேலை செய்தேன். அழகான கேடயம் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து இ.பி.எஃப். (ஊழியர் சேமநிதி) கணக்கை எடுத்துப் பார்த்தால் 11 மாதம் கட்டவே இல்லை. அக்காவின் இ.பி.எஃப்., சொக்சோ (தொழிலாளர் காப்புறுதி) இரண்டையும் முதல் மாதத்திலிருந்து பாருங்கள். எடுக்காத விடுமுறையைப் பணமாகக் கொடுங்கள். 55 வயதைத் தாண்டி, ஒரே இடத்தில் 10 வருஷத்துக்குமேல் வேலை செய்தவர் ஓய்வு பெறும்போது வாங்கும் பணிக்கொடைக்கு வருமான வரி கிடையாது. மண்டபத்துக்குச் செலவழிப்பதை அதில் சேருங்கள். கேட்க அவருக்குக் கூச்சமாக இருக்கும், கேட்கவே மாட்டார்.

பிரிக்பீல்ட்ஸ் தம்பி:

அண்ணே, அக்கா கேட்டதற்கு இன்னும் நீங்கள் பதில் சொல்லவில்லையே. ஆண்டறிக்கை யார் செய்வது? நான் வருகிறேன். அப்பா இறந்தபோது எனக்கு ஒன்றும் தெரியாது. கடை லைசென்ஸில் பெயர் மாற்றும் வரைக்கும் ஒவ்வொரு ஆபீஸ் கவுண்டரிலும் எனக்குப் பக்கத்தில் நின்றவர் அவர்தான். வாரம் ஒரு காலை என்னால் முடியும்.

செந்தூல் கடைக்காரர்:

மூவருக்கும் நன்றி. நேற்று செயலவையில் பேசினேன். மண்டப முன்பதிவை விட்டாயிற்று. திங்கட்கிழமை காலை 8 மணி, ஆபீசுக்குக் கீழே உள்ள சாப்பாட்டுக் கடையில் பசியாறல். பதினொரு மணிவரை யார் எப்போது வந்தாலும் சரி. பொன்னாடையை மட்டும் தலைவர் விடவில்லை, அதுவும் சரிதான். பத்துமலையில் ஒற்றை நாற்காலி வைத்திருக்கும் பெரியவர் போர்த்துவார். தங்கச்சி, இ.பி.எஃப். முழுதாக இருக்கிறது. எடுக்காத விடுமுறை 19 நாள், அதற்குக் காசோலை போட்டாயிற்று. பணிக்கொடையாக ஆறு மாதச் சம்பளம் கேட்டேன், நான்குக்கு ஒத்துக்கொண்டார்கள். மீதி இரண்டுக்கு உறுப்பினர்களிடம் போகிறேன்.

பிரிக்பீல்ட்ஸ் தம்பி வருவதை அக்காவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "திங்கட்கிழமைவரை ஏன் தம்பி, நாளைக்கே வரச் சொல்லுங்க. பாஸ்வேர்டு கொடுக்கணும், நோட்டை எப்படிப் பார்க்கிறதுன்னு காட்டணும்" என்றார்.