மெர்போக் சண்டிப் பாதை: மூட்டு வலி உள்ளவர் நடக்க இயலுமா?

கேள்வி (பீடோங்)

வணக்கம். பள்ளி விடுமுறையில் என் தாயாரையும் இரு பிள்ளைகளையும் கெடா மாநிலத்தின் மெர்போக்கில் உள்ள பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகத்திற்கு அழைத்துச் சென்று, அங்கிருந்து புக்கிட் பத்து பகாட் சண்டிக்கு (பழங்காலக் கோயிலுக்கு) ஏறும் பாதையில் நடக்க எண்ணியுள்ளேன். தாயாருக்கு எழுபது வயது. ரப்பர் தோட்டத்தில் நெடுங்காலம் பால்மரம் வெட்டியவர் என்பதால் நடைக்கு அஞ்சமாட்டார். ஆனால் மூட்டு வலி உண்டு. பாதை அவருக்கு ஏற்றதா? செமிலிங் ஆற்றோரத்தையும் அன்றே பார்க்கலாமா?

பதில் (சுங்கைப்பட்டாணி)

தாராளமாக அழைத்து வாருங்கள். பாதை குறுகியதுதான், ஆனால் ஏற்றம் உண்டு. மழை பெய்த மறுநாள் வழுக்கும். வெயில் ஏறுமுன் தொடங்கி, அம்மாவை நின்று நின்று ஏறச் சொல்லுங்கள்.

செமிலிங்கைக் கடைசிக்குத் தள்ளிவிடாமல் முதலில் அங்கே செல்லுங்கள் என்பது என் பரிந்துரை. சதுப்புநிலக் காட்டுக்கு மேலே 1,217 மீட்டர் உயர ஜெராய் மலை எழுந்து நிற்பதைப் பார்த்தால்தான், வங்கக் கடலைக் கடந்து வந்த மாலுமிகள் எதை அடையாளமாகக் கொண்டு இக்கழிமுகத்தில் நுழைந்தனர் என்பது பிள்ளைகளுக்கு விளங்கும்.

சண்டியில் கருவறைக்கு முன்னுள்ள மண்டபத் தரையைக் குனிந்து பாருங்கள். துளையிட்ட கற்கள் வரிசையாக இருக்கும். அவை மரத்தூண்களைத் தாங்கிய அடிக்கற்கள். தூணும் கூரையும் மட்கிப்போக, துளைகள் எஞ்சியுள்ளன. பிரிட்டிஷ் தொல்லியலாளர் குவாரிச் வேல்ஸ் 1936-37இல் இவ்விடத்தை அகழ்ந்தார். 1960 வாக்கில் கற்களை மீண்டும் அடுக்கி நிறுத்தினார்கள்.

பதில் (செமிலிங்)

மேலே எழுதியவரோடு உடன்படுகிறேன். ஒன்றை மட்டும் சேர்க்க விரும்புகிறேன்: இவையெல்லாம் இராஜேந்திர சோழன் கட்டியவை என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீர்கள். அவன் கடாரத்தின் (இன்றைய கெடா) மீது படையெடுத்தது 1025இல். அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இங்கு வணிகர்களும் பௌத்தர்களும் இருந்தனர், சுங்கை பத்துவில் இரும்பும் உருக்கப்பட்டது. அங்கே உலைக்குக் காற்று செலுத்திய சுடுமண் குழாய்களின் உடைந்த துண்டுகள் குவியலாகக் கிடைத்தன. அதைச் சுற்றி இன்று செம்பனைத் தோட்டம். என் தந்தை அப்பக்கத்தில் வேலை செய்த காலத்தில், மர நிரைகளுக்கிடையே தட்டுப்பட்ட பழஞ்செங்கற்களை யாரும் பொருட்படுத்தியதில்லை. 2013இல் நில மேம்பாட்டுக்காக 11ஆம் எண் சண்டி இடிக்கப்பட்ட செய்தி வந்தபோது, அவர் அன்று முழுவதும் பேசவேயில்லை.

கேட்டவர் (பீடோங்)

இருவருக்கும் நன்றி. தாயாரிடம் வாசித்துக் காட்டினேன். சுங்கை பத்துப் பக்கம் தாமும் சில மாதம் பால்மரம் வெட்டியதாகவும், செங்கல் துண்டில் கத்தி தீட்டியதாகவும் இப்போதுதான் சொல்கிறார். முதல் சனிக்கிழமை காலை, செமிலிங்கிலிருந்தே தொடங்குகிறோம்.