பழைய இலங்கைச் சில்லறையைக் கிலோக் கணக்கில் விற்கலாமா?

கல்லடி ரவி:
வீட்டு மண்முட்டியில் கிடக்கிற பழைய சில்லறையை எல்லாம் பழைய இரும்புக் கடையில் போடப் போகிறேன். ஒரு ரூபா மிச்சத்துக்கே டொபி தருகிற காலத்தில் சதத்தை வைத்து என்ன செய்வது? பித்தளை விலையாவது வரும்.

கல்முனைக் காக்கா:
தம்பி, அவசரப்பட வேண்டாம். முதலில் காந்தம் பிடித்துப் பாருங்கள். 2005 தொடக்கம், 2017க்கு முன் வந்த ஒரு ரூபாவும் ஐந்து ரூபாவும் உருக்கில் பித்தளை முலாம் போட்டவை, ஒட்டும். 1963இல் வந்த சதுர ஐந்து சதமும் நெளிவிளிம்புப் பத்துச் சதமும் நிக்கல் சேர்ந்த பித்தளை, ஒட்டாது. 1978இல் அதே வடிவத்தை அலுமினியத்தில் அடித்தார்கள். அதுவும் ஒட்டாது, ஆனால் கையில் எடுத்தாலே பாரமில்லை.

கல்லடி ரவி:
சரி காக்கா, ஒட்டாததைப் போடுகிறேன். 1963இல் வந்த வெள்ளை ஒரு ரூபா 7 கிராமுக்குச் சற்று மேல். முக்கால் பங்கு செம்பு, மிச்சம் நிக்கல். செம்பைக் கிலோ 2000 ரூபா என்று குறைத்துப் போட்டாலும், அதில் செம்பு மட்டும் பத்து ரூபா பெறும். மறுகா ஏன் யோசிப்பான்?

வாழைச்சேனை மலர்:
அந்தக் கணக்கு உருக்கும் ஆலைக்குச் சரி. நிக்கலைப் பிரித்தெடுக்கச் செலவு இருக்கிறது. இரும்புக் கடைக்காரர் அதற்குக் காசு தரமாட்டார், கலப்பு உலோகம் என்றுதான் நிறுப்பார். அதைவிட எனக்குக் கவலை வேறு. 1919 தொடக்கம் 1942 வரை அடித்த 50 சதத்தில் 55 வீதம் வெள்ளி. கறுத்துப்போய் ஈயம் மாதிரிக் கிடக்கும். அதுவும் உங்கள் முட்டியில் இருந்தால் பித்தளையோடு பித்தளையாகப் போய்விடும். பிரித்தானிய ராசா தலை போட்டதை எல்லாம் தனியே எடுங்கள், ஆண்டைப் பாருங்கள்.

அக்கரைப்பற்று வாசகன்:
அரசாங்கமே நல்ல உலோகத்தை எடுத்துவிட்டுத் தகரத்தைத் தந்திருக்கிறது. மீன் சந்தையில் புழங்கின ஐந்து ரூபாவைப் பாருங்கள்: விளிம்பில் முலாம் தேய்ந்து, உள்ளே செந்துரு.

கல்முனைக் காக்கா:
துருவுக்குத்தான் 2017இல் துருப்பிடிக்காத உருக்குக்கு மாறினார்கள். மலிவு உலோகத்தில் அடிக்காவிட்டால் என்ன நடக்கும்? ரவி தம்பி செய்யப்போவதை ஊரே செய்யும். ஒரு ரூபாவுக்குள் பத்து ரூபாச் செம்பு இருந்தால் அது கடை மேசைக்கு வராது, நேரே உலைக்குப் போகும்.

வாழைச்சேனை மலர்:
காக்கா சொல்வது புது நாணயத்துக்கு. பழையதை உருக்கினால் திரும்ப அடிக்க ஆளில்லை.

கல்லடி ரவி:
ராசா தலையைத் தனியே எடுத்து வைக்கிறேன் அக்கா. ஆனால் 1963க்குப் பிந்தியது வீட்டுக்கு வீடு கிடக்கிறது. அதை நான் போடத்தான் போகிறேன்.