ரங்கூன் குடும்பக் குழுவில்: சின்ன அண்ணியின் களைப்பு

சின்ன அண்ணி, காலை 9.10
அனைவருக்கும் வணக்கம். வெள்ளிக்கிழமை அம்மன் கோயில் உபயத்துக்கு நான் வராததில் பெரியத்தைக்கு வருத்தம் என்று அறிந்தேன். அன்று மின்சாரம் இல்லாமல் மோட்டார் ஓடவில்லை; கீழிருந்து ஒரு வாளி தண்ணீர் தூக்கி வந்தவள் நான்காம் மாடிப் படியிலேயே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டேன், ஆறாம் மாடி வந்து சேர்ந்தபின் மறுபடி இறங்க உடம்பில் வலு இல்லை. பத்து நாளுக்கு முன் எடுத்த பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8.4, உடலில் சேமித்திருக்கும் இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் 6 என்று வந்திருக்கிறது. இரும்புச்சத்துக் குறைவால் வந்த இரத்தசோகையாம். ஆறு மாதமாக இதைச் சோம்பல் என்று எண்ணி என்னை நானே திட்டிக்கொண்டிருந்தேன்.

பெரியத்தை, காலை 9.24
மனம் நோகிறதம்மா. போன மாதம் நீ பச்சரிசியை அள்ளி அள்ளி மென்றதைப் பார்த்து, தின்னாதே என்று கண்டித்தேனே தவிர, ஏன் தின்கிறாய் என்று கேட்கவில்லை.

அக்கா மகள், காலை 9.31
பாட்டி, அதுவும் இந்தக் குறையின் அடையாளம்தான். சிலருக்கு ஐஸ்கட்டியின் மேலும் மண்ணின் மேலும்கூட ஆசை வரும். கர்ப்பமில்லாத பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இருந்தாலே இரத்தசோகை என்பார்கள்; 8.4 என்றால் படியேற முடியாததில் வியப்பே இல்லை. நர்ஸ் வேலையில் இதை அடிக்கடி பார்க்கிறேன். அத்தை, இரும்பு மாத்திரையை எப்படிச் சாப்பிடுகிறீர்கள்?

சின்ன அண்ணி, காலை 9.35
காலையில் மொஹிங்கா (மீன்குழம்பு நூடுல்ஸ்) சாப்பிட்டு முடித்ததும், மேசைமேல் இருக்கும் பிளாஸ்க்கிலிருந்து வெறுந்தேநீர் ஊற்றி, அதோடு விழுங்கிவிடுகிறேன்.

அக்கா மகள், காலை 9.47
அங்கேதான் மாத்திரை வீணாகிறது, அத்தை. தேயிலையின் துவர்ப்புச் சத்து இரும்பைக் குடலிலேயே பிடித்துக்கொண்டு இரத்தத்தில் சேரவிடாது. பாலும் கால்சியம் மாத்திரையும் தடுக்கும், ஊறவைத்துத் தின்னும் லாப்பெத்தும் தேயிலைதான் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். காலையில் வெறும் வயிற்றில் எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரோடு விழுங்குங்கள். தேநீரை இரண்டு மணி நேரம் தள்ளி வையுங்கள். வயிற்றைப் புரட்டினால் நீங்களாக நிறுத்தாமல், ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிடலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். மலம் கறுப்பாகப் போவது மாத்திரையால்தான், பயப்பட வேண்டாம். ஹீமோகுளோபின் சரியான பிறகும் சுமார் 3 மாதம் தொடர்ந்தால்தான் உடலின் சேமிப்பு நிரம்பும்.

மோல்மேன் தங்கச்சி, காலை 9.52
எனக்கும் எப்போதும் களைப்பாகத்தான் இருக்கிறது. நானும் கடையில் வாங்கிச் சாப்பிடட்டுமா?

அக்கா மகள், காலை 10.03
கூடவே கூடாது, சித்தி. நம் நாட்டில் தலசீமியா என்னும் பரம்பரை இரத்தக் கோளாறும் ஹீமோகுளோபின் ஈ என்னும் பரம்பரை மாறுபாடும் நிறையப் பேருக்கு உண்டு; அவர்களுக்கு இரும்பு குறையாமலே ஹீமோகுளோபின் குறைந்திருக்கலாம், தேவையில்லாமல் சேரும் இரும்பு தீங்கு செய்யும். ஃபெரிட்டின் பார்த்த பிறகே மாத்திரை. சத்து ஏன் குறைந்தது என்பதையும் தேட வேண்டும்: ஆண்களுக்கோ மாதவிலக்கு நின்றவர்களுக்கோ வந்தால் வயிற்றிலும் குடலிலும் இரத்தக் கசிவு உண்டா என்று பார்ப்பார்கள்.

சின்ன அண்ணி, காலை 10.15
எனக்கு மாதவிலக்கில் இரத்தப்போக்கு அதிகம் என்பதால் ஸ்கேன் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அதுவரை, தலை தெளிவாக இருக்கும் காலையிலேயே இரு வேளைக்கும் சமைத்துவிடுகிறேன். காய் நறுக்குவதும் துணி மடிப்பதும் உட்கார்ந்துதான். பால்கனிக் கயிறுதான் பெரிய உதவி. கீழிருந்து இழுத்தால் மேலே மணி அடிக்கிறது. காய்காரர் பையை மாட்டிவிடுகிறார், நான் நின்ற இடத்திலேயே இழுத்துக்கொள்கிறேன்.

பெரியத்தை, காலை 10.22
நாளைக்குப் புளிச்சக்கீரை கடைந்து அனுப்பட்டுமா?

அக்கா மகள், காலை 10.26
அனுப்புங்கள் பாட்டி, ஆனால் கீரையின் இரும்பு உடலில் குறைவாகவே சேரும். ஈரலிலும் ஆட்டுக்கறியிலும் இருப்பது எளிதாகச் சேரும்.

பெரியத்தை, காலை 10.30
அப்படியானால் கோழி ஈரலை மிளகு போட்டு வறுத்துத் தூக்கில் வைத்து அனுப்புகிறேன். பதினொரு மணிக்கு மணி அடித்தால் நீ இறங்காதே, கயிற்றை மட்டும் இறக்கு. இனித் தண்ணீர் வாளியை என் பேரன் தினமும் தூக்கி வந்து வைப்பான்.