தேவனாம்பட்டினம் ஆமைக் குஞ்சுகள்: புதுப்பிப்பு

கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரையில் ஆமை முட்டைக் குழிகளை நாய்கள் தோண்டுகின்றன, இரவில் எங்களோடு சேர்ந்து நடக்க ஆள் வேண்டும் என்று பிப்ரவரியில் எழுதியிருந்தேன். 11 பேர் வந்தீர்கள். நன்றி.

மீனவ அண்ணன்கள்தான் தடம் பார்க்கக் கற்றுக்கொடுத்தார்கள்; பங்குனி ஆமை (ஆலிவ் ரிட்லி) கரையேறிய இடம் ஈர மணலில் டயர் உருண்டது போல இருக்கும். முட்டைகளை நாங்கள் தொடவில்லை. வனத்துறைக்குச் சொன்னோம், அவர்கள் பொரிப்பகத்துக்குக் கொண்டுபோனார்கள். குஞ்சு பொரிய சுமார் 50 நாள் ஆனது.

நேற்று விடியற்காலை குஞ்சுகளை விட்டார்கள். உள்ளங்கையில் பாதிகூட இல்லை, அலை திருப்பித் தள்ளத் தள்ள மறுபடியும் கடலைப் பார்த்தே நகர்கின்றன. எனக்குக் கண் கலங்கிவிட்டது. கரையில் டார்ச் மட்டும் அடிக்காதீர்கள்; வெளிச்சம் பார்த்தால் ஊர்ப்பக்கம் திரும்பிவிடும்.

அப்புறம், கெடிலம் ஆற்று முகத்துவாரத்தில் சிக்கிக் கிடக்கும் அறுந்த வலைகளை ஞாயிறு காலை 6 மணிக்கு இழுக்கிறோம். கையுறையும் சாக்கும் கொண்டு வாருங்கள்.