செயற்கைக் கால் செய்து பொருத்துபவரை மெடிகேர் எந்தக் கணக்கில் வைக்கிறது? 855ஐ (855I) ஃபார்ம் திரும்பி வந்துவிட்டது

டாலஸ்_தாமரை:
வணக்கம். என் கணவர் டெக்சாஸில் லைசென்ஸ் பெற்ற பிராஸ்தெட்டிஸ்ட்-ஆர்த்தாட்டிஸ்ட், அதாவது செயற்கைக் கை கால்களும் உடலைத் தாங்கும் பிரேஸ்களும் செய்பவர். இவ்வளவு நாள் சம்பளத்துக்கு வேலை பார்த்தார், இப்போது சொந்தமாகச் சின்ன கிளினிக் போடுகிறோம். பிசியோதெரபிஸ்ட் தோழி ஒருத்தி தான் மெடிகேரில் (முதியோருக்கான அமெரிக்க அரசு காப்பீடு) பில் போடச் சேர்ந்தபோது போட்ட அதே 855ஐ ஃபார்மைப் போடச் சொன்னாள், போட்டோம், இது உங்களுக்கானது இல்லை என்று திருப்பிவிட்டார்கள். 855எஸ் போட வேண்டுமாம். அதைத் திறந்தால் சக்கர நாற்காலியும் ஆக்சிஜன் மெஷினும் விற்கிறவர்கள் நிரப்புவது போல இருக்கிறது, 50,000 டாலருக்கு பாண்ட் (ஜாமீன் பத்திரம்) வேறு கேட்கிறது. முதுகலை படித்து ரெசிடென்சி முடித்தவர் கடைக்காரரா? கிளினிக்கின் எல்எல்சி கம்பெனி எங்கள் இருவர் பேரிலும் பாதிப்பாதி. நான் கணக்கு வேலைதான் பார்ப்பேன்.

பில்லிங்_ராஜி:
கோபம் நியாயம்தான், ஆனால் மெடிகேர் கண்ணில் அவர் சப்ளையர்தான். சட்டம் கை, கால், முதுகு, கழுத்து பிரேஸ்களையும் செயற்கைக் கை கால்களையும் பொருளாகத்தான் பார்ட் பி-யில் (டாக்டர், வெளிநோயாளிச் செலவுக்கான மெடிகேர் பகுதி) எழுதி வைத்திருக்கிறது, அதைச் செய்கிறவரின் நேரத்துக்கு என்று தனி வரி கிடையாது. அதனால்தான் அளவெடுக்க வரும் விசிட்டுக்குத் தனி பில் போட முடியாது. செயற்கைக் கால் கொடுத்த பிறகு 90 நாள் வரை செய்கிற வழக்கமான அட்ஜஸ்ட்மென்ட்டும் எல்-கோடு (பிரேஸ், செயற்கைக் கை கால்களுக்கான பில் கோடு) தொகைக்குள்ளேயே அடக்கம். உங்கள் தோழிக்கு தெரபி சேவைக்கே மெடிகேர் பணம் தருகிறது, அதனால் 855ஐ. நாளைக்கு அந்தத் தோழியே முழங்கால் பிரேஸ் கொடுத்து பில் போட நினைத்தால் அவரும் 855எஸ் போட வேண்டியதுதான்.

பாண்ட் விஷயத்தில் ஒரு விலக்கு இருக்கிறது. மாநில லைசென்ஸ் உள்ள பிராஸ்தெட்டிஸ்ட், ஆர்த்தாட்டிஸ்ட் தனியாக நடத்தி, அளவெடுத்துச் செய்து தருகிறவராக இருந்தால் பாண்ட் வேண்டாம். ஆனால் தொழில் முழுக்க அவர்களுடையதாக இருக்க வேண்டும், பில்லும் பிராஸ்தெட்டிக்ஸ், ஆர்த்தாட்டிக்ஸ், அதற்கான சாமான்களுக்கு மட்டும்தான். நீங்கள் பாதி உரிமையாளர், லைசென்ஸ் இல்லை, அப்படியானால் விலக்கு கிடைக்காது. ஓரமாக நாலு வாக்கர் விற்கலாம் என்று நினைத்தாலும் அதே கதி.

டாலஸ்_தாமரை:
ஐயோ, வாக்கர் விற்கிற யோசனையும் இருந்தது! சரி, என் பேரை எடுத்துவிட்டால்?

பில்லிங்_ராஜி:
எடுப்பதாக இருந்தால் 855எஸ் போடுவதற்கு முன்னாலேயே எடுங்கள், டெக்சாஸ் சொத்துச் சட்டம் தம்பதிக்குக் கொஞ்சம் வேறு மாதிரி என்பதால் வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு. இன்னொன்று, பாண்ட் என்றால் 50,000-ஐ எடுத்து வைப்பது இல்லை, வருடா வருடம் பிரீமியம் கட்டுவது. அது எவ்வளவு வரும் என்று கேட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். பங்கு போவதைவிட பிரீமியம் மலிவாக இருக்கலாம், எனக்கென்னவோ அதுதான் தோன்றுகிறது.

ஹூஸ்டன்_சாக்கெட்:
நானும் இதே தொழில். ராஜி அக்கா சொன்னது சரி. அளவெடுத்துச் செய்கிறவர்களுக்கு, சப்ளையருக்குக் கட்டாயமான 200 சதுர அடி இடம், வாரம் 30 மணி நேரம் திறந்திருப்பது இரண்டிலும் தளர்வு உண்டு, அதனால் பெரிய வாடகைக்குப் போகாதீர்கள் அக்கா. ஃபார்மில் ஸ்பெஷாலிட்டியைக் கவனமாகப் போடுங்கள். அதை வைத்து வரும் கோடு கம்பெனிக்கு 51, 52, 53, தனி ஆளுக்கு 55, 56, 57. இரண்டு லைசென்ஸும் இருக்கிறவருக்கு 53 அல்லது 57. டெக்சாஸ் மாதிரி லைசென்ஸ் கட்டாயமான மாநிலத்தில் இது தப்பினால் எல்-கோடு க்ளெய்ம் சிஸ்டத்திலேயே அடிபடும்.

சப்ளையர் என்ற பட்டத்தால் எனக்கு வயிறு எரிந்தது ஃபார்மில் இல்லை, நோட்ஸில்தான். ஒரு காலத்தில் நாம் எழுதும் நோட்ஸ் மருத்துவப் பதிவே இல்லை, பொருள் விற்கிறவர் எழுதியது என்று ஆடிட்டில் ஒதுக்கினார்கள். 2018 பட்ஜெட் சட்டத்தில்தான் அது டாக்டரின் குறிப்புக்குத் துணையாக எடுத்துக்கொள்ளப்படும் என்று வந்தது. துணைதான், தனியாக நிற்காது. மைக்ரோபிராசசர் (சிப் கட்டுப்படுத்தும்) முழங்காலுக்கு கே3 நிலை (வேகத்தை மாற்றி நடக்கக்கூடிய திறன்) என்று உங்கள் கணவர் நாலு பக்கம் எழுதினாலும் டாக்டர் குறிப்பில் நடக்கும் திறன் பற்றி எதுவும் இல்லையென்றால் போச்சு. அந்த முழங்காலுக்கான எல்5856 கோடுக்கு முன் அனுமதியும் வேண்டும், டெக்சாஸில் 2020 செப்டம்பரிலிருந்தே.

டாலஸ்_தாமரை:
அப்படியானால் நோயாளியை அனுப்பும் டாக்டர்களிடம் இப்போதே பேசி வைக்கச் சொல்கிறேன். 57-ஆ 53-ஆ என்பது எல்எல்சி முடிவானதும் கேட்கிறேன்.

ஹூஸ்டன்_சாக்கெட்:
எல்எல்சி பேரில் பில் போவதாக இருந்தால் 53 அக்கா, பேசாமல் அதையே வைத்து நிரப்புங்கள்.